மேலே போகும் வேகம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அலுவலகக் கோப்பின் ஓரத்தில் பிறந்தது. மாவட்டம் முழுவதற்கும் பிராட்பேண்ட் இழுப்பதற்கான தேவைப் பட்டியலை எழுதுவது என் வேலை. குழாயை எத்தனை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும், மின்சாரம் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், லைன் அறுந்தால் யார் வர வேண்டும். எண்பத்திரண்டு பக்கம். படித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். எழுதிய எனக்கே வந்தது.

பதினான்காம் பிரிவில் மட்டும் தூக்கம் போய்விட்டது: "வீட்டுக்கு வரும் வேகமும் வீட்டிலிருந்து போகும் வேகமும் சமமாக இருக்க வேண்டும்."

2.

முதல் தொடக்கம்: "என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, ஆனாலும் அவள்..."

[இதை அடித்து நீக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்திருந்தபோது தங்கை இதைப் படித்துவிட்டு, "என்னக்கா 'ஆனாலும்'? எனக்கென்ன குறைச்சல்?" என்றாள். சைகை மொழியில், கையால்தான் கேட்டாள், தமிழ் என்னுடையது, அதில் பாதி என் சரக்கு.]

இரண்டாம் தொடக்கம்: தங்கை மாவட்டத்தின் கடைசி ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். வாரம் மூன்று முறை வீடியோவில் பேசுவோம். அவளுக்கு என் கைகள் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து போகும் வேகம் ஆமை என்பதால், அவள் விரல்கள் என் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து பாதி வார்த்தையில் நின்றுவிடும். இரண்டு மாதமாக அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான்தான் பேசித் தீர்க்கிறேன்.

"நீ பேசுக்கா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்." இது அவளே டைப் செய்து அனுப்பியது. ஓர் எழுத்துகூட என்னுடையதல்ல.

3.

திட்டத்தின் பொறியாளரை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷன் ரொம்ப நல்லவர், கதைக்கு உதவமாட்டார்.

"மேடம், வீட்ல இருந்து யாரு என்ன அனுப்பப் போறாங்க? எல்லாரும் படம்தான் பாக்கறாங்க. பதினாலை எடுத்துட்டா மிச்சமாகற பணத்துல இன்னும் நாலு ஊருக்கு லைன் போடலாம்."

தங்கையைப் பற்றிச் சொன்னேன்.

"டைப் பண்ணலாமே?"

"உங்க சம்சாரத்துக்கிட்ட நீங்க எழுதிக் காட்டியா பேசறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்த நாலு ஊரும் பொய்யில்லை.

4.

பட்டியலை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு முந்தின நாள் தங்கையிடமிருந்து செய்தி: "எனக்காக நீ பேசாதே. சின்ன வயசுல இருந்து பேசினது போதும். என்னைத் திரையில போடு."

சுருக்கென்றது. டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கடையில், அவள் கையைத் தூக்குமுன்னே பதிலை முடித்துவைத்தவள் நான்தானே.

பெரிய திரையில் வந்தாள். கைகளைத் தூக்கினாள். விரல்கள் உடைந்தன, நின்றன, குதித்தன. அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் இரண்டு நிமிடம் மனசாரப் பேசினாள்.

பொறியாளர் எழுந்துபோய்த் திரையின் வயரை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். கோளாறு அங்கே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

கூட்டத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொன்னாங்க?"

முப்பது வருடம் பழகிய கைகள். ஊகித்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலை சார். எனக்கும் புரியலை."

["பதினாலாவது பிரிவு இருந்தா புரிஞ்சிருக்கும்" என்றும் சொன்னதாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். பொய்.]

5.

ஒரு முடிவில் பிரிவு பிழைக்கிறது, நாலு ஊர் காத்திருக்கிறது. இன்னொன்றில் நாலு ஊருக்கும் லைன் போகிறது, தங்கை கைகளை மடியிலேயே வைத்துக்கொள்கிறாள். மூன்றாவதில் எல்லோரும்... சேச்சே, வேண்டாம், அதில் பொறியாளர் அழுகிறார்.

தலைவரின் பென்சில் பதினான்கின் மேலேயே நிற்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்பது உங்கள் பாடு.

ஆனால் ஒன்று. அவள் அன்று சொன்னதற்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

ஊகித்து நிரப்பிவிடாதீர்கள். அந்தத் தப்பைச் செய்ய நான் ஒருத்தி போதும். அவளே சொல்லட்டும். நாம் பார்த்துக்கொண்டு இருப்போம்.