நீராவிக் கூடத்து மைத்துனர் இருவர்

ஐரோப்பாவின் மொராவிய மலைச்சாரலில் மார்கழிப் பனி அடிமரங்களை முழங்கால் அளவுக்கு மூடிக்கிடக்க, கீழ்வானில் வெள்ளி இன்னும் மங்காதிருக்க, புக்கோவா என்னும் சிற்றூரின் நடுவே நின்ற நாற்காலித் தொழிற்சாலையின் நெடும்புகைக்கூண்டு மட்டும் விழித்துக்கொண்டு, கரும்புகையைக் கொடியென வான்மேல் படரவிட்டுக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து உள்ளே புகுந்தாலோ வேறோர் உலகம். கொதிகலன்கள் முழங்கும், நீராவி வெண்முகிலாய்க் கூரை முட்டும், வெளியே மீசையில் பனி உறைய வந்தவர்கள் உள்ளே மேலாடை களைந்து, வேனிற்கால உழவரைப்போல் வியர்வை வழிய நிற்பார்கள். அன்பு கெழுமிய நண்பரே, பெருநகர் மன்றங்களில் நீங்கள் சாய்ந்திருந்த வளைகால் நாற்காலி இத்தகைய ஒரு கூடத்தில்தான் உருப்பெற்றிருக்கும்.

பீச் என்னும் காட்டு மரத்தை நீளக் கோலாக அறுத்து, கடைந்து உருட்டி, நீராவிப் பெட்டியில் வேகவைத்தால் அது தன் வன்மை மறந்து சற்றே இளகும். அந்த இளக்கம் நெடுநேரம் நில்லாது. எடுத்த கையோடு அதன் வெளிப்புறத்தில் எஃகுப் பட்டையைப் பொருத்தி, இரு முனையும் பூட்டி, இரும்பு அச்சின்மேல் இருவர் எதிரெதிர் நின்று ஒருசேர இழுத்து வளைத்தாக வேண்டும். ஒருவன் முந்தினால் கோல் முறுகும். ஒருவன் பிந்தினால் பிளக்கும். எனவே அக்கூடத்தில் வேலையாள் என்று தனியே ஒருவரைச் சொல்வதில்லை. இணை என்றே சொல்வார்கள்.

அந்த இணைகளுள் தலையாயது புரோக்கோப்பும் வீத்தும். வீத்தின் தமக்கை அப்போலேனாவை மணந்தவன் புரோக்கோப். நெடிய தோற்றமும் குறைந்த பேச்சும் உடையவன். வீத்தோ குள்ளன், ஓயாத வாயன். கோல் அச்சில் ஏறியதும் அவன் குரல் கூடமெங்கும் கேட்கும்.

"வா மச்சான், வா... மெதுவா! உன் மாமியார் வீட்டு மாட்டையா இழுக்குற? இப்ப இறுக்கு. இன்னும்... ஆங், விடு!"

"மாட்டுக்குக்கூட உன் அளவு வாய் கிடையாதுடா," என்பான் புரோக்கோப். கூடமே சிரிக்கும்.

இவ்வாறு சென்ற காலத்தில், ஒரு குளிர்காலத்து, வேலைநேரத்தை நீட்டிய முதலாளிமாரை எதிர்த்துத் தொழிலாளர் யாவரும் ஒருமித்து வேலைநிறுத்தம் செய்தனர். வாயிலின்முன் தீ மூட்டிக் காவல் நின்றவர்களுள் முதல்வனாய் நின்றான் புரோக்கோப். புளித்த முட்டைக்கோசுச் சாறும் காய்ந்த கறுப்பு ரொட்டியுமே உணவாகக் கிழமைகள் கழிந்தன. ஒரு விடியலில், பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, தலை கவிழ்ந்தபடி ஒருவன் தனியே வந்து, காவல் நின்றோர் நடுவே புகுந்து, வாயிலைக் கடந்து உள்ளே சென்றான். அவன் வீத்.

அன்று மாலை அப்போலேனா கணவன் எதிரே நின்று கெஞ்சினாள். "ஏங்க, தம்பியோட குழந்தை ரொசாராவுக்குத் தொண்டை அடைச்சு மூச்சே விட முடியலைங்க. வேலைக்கு வர்றவன் வீட்டுக்குத்தான் வருவேன்னுட்டாரு ஃபாக்டரி டாக்டரு. அவன் என்னங்க பண்ணுவான்?"

"எல்லார் வீட்லயும்தான் குழந்தை இருக்கு."

"ஒரு தடவை போய், ஏன்டா உள்ள போனேன்னு அவன்கிட்ட கேளுங்க. உங்க வாயால கேளுங்க."

"அவன்கூட இனி எனக்குப் பேச்சு இல்ல," என்றான் புரோக்கோப்.

குழந்தை பிழைத்தது, வேலைநிறுத்தம் பிழைக்கவில்லை. தோற்றவர்கள் குனிந்த தலையோடு மீண்டபோது, வீத்தோடு இணைய எவனும் முன்வரவில்லை. ஆடும் நாற்காலிக்குரிய நெடுங்கோலை வளைக்க இவ்விருவரையன்றி வல்லார் இன்மையால், மேலாளன் புரோக்கோப்பையே மீண்டும் அவன் எதிரே நிறுத்தினான். புரோக்கோப் மறுக்கவில்லை, கைகளைக் கொடுத்தான், சொல்லை மட்டும் கொடுக்கவில்லை.

ஆண்டுகள் பல அங்ஙனமே உருண்டன. முதற்கண் வீத் பேசிப் பார்த்தான். பண்டிகை நாளில் பிளம்பழக் களி நிரப்பிய கொலாச் அப்பத்தைத் துணியில் பொதிந்து மைத்துனனின் வேலைமேடைமேல் வைத்தான்; அது தொடுவாரின்றிக் காய்ந்து கல்லாயிற்று. அதன்பின் அவன் குரலும் சிறுகச் சிறுக அடங்கியது. தோளின் அசைவையும் மூச்சின் ஏற்றத்தையும் கொண்டே ஒருவன் குறிப்பை மற்றவன் அறிந்தான். சொல்லின்றி அவர்கள் வளைத்த கோல்கள் முன்னிலும் செம்மையாய் அமைந்தன என்பதுதான் கொடுமை.

"உங்களைப் பேசவிட்டா நாற்காலி கோணிடும்போல," என்று மேலாளன் ஒருநாள் நகைத்தான். புரோக்கோப் அதைப் பாராட்டாகவே கொண்டான். வீத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பனி உருகி ஓடைகள் பெருகிய ஓர் இளவேனில் முற்பகலில், நெடுங்கோல் ஒன்று அச்சின்மேல் பாதி வளைந்து நின்றது. இருவரும் முழு வலிவோடு இழுத்துக்கொண்டிருந்தனர். அப்போது வீத்தின் பக்கத்து எஃகுப் பட்டையின் புறத்தே மயிரிழை போன்றதொரு கீறல் ஓடிப் படர்வதைப் புரோக்கோப் கண்டான். அது அவன் நின்ற இடத்திலிருந்து மட்டுமே காணக்கூடியது. 'விடு' என்னும் சொல் நெஞ்சிலிருந்து எழுந்தது, தொண்டையை அடைந்தது, பல்லாண்டு பழகிய ஊமைத்தனம் அதனை அங்கேயே ஒரு கணம் நிறுத்தியது. அக்கணத்தில் பட்டை அறுந்தது. கோல் விடுபட்ட வில்லெனத் திமிறி நிமிர, எஃகு சுழன்று வீத்தின் வலக்கையை முழங்கையில் முறித்தது.

"வீத்!" என்ற அலறல் கூடத்தை உலுக்கியது. குருதி தோய்ந்த தரையில் கிடந்தவன் வெளிறிய உதட்டோடு மைத்துனனை நிமிர்ந்து பார்த்து, "என் பேரு ஞாபகம் இருக்கா மச்சான்?" என்றான், மயங்கிப்போனான்.

உயிர் தப்பியது. கை தப்பவில்லை, எலும்பு கூடினாலும் முழங்கை மடங்கியபடியே இறுகிவிட்டது. ஆலைக்குள் அவனுக்கு இனி இடமில்லை என்றாயிற்று.

கோடை பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி ஓய்ந்தபின், புரோக்கோப் அவன் வீட்டை நோக்கி நடந்தான். வீத் முற்றத்துப் பிளம் மரத்தடியில் அமர்ந்து, இடக்கையால் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"அடேங்கப்பா, வழி தெரிஞ்சு வந்துட்டியே. நான் வீடுகூட மாத்தலை, பாத்தியா?"

புரோக்கோப் அமரவில்லை. "பட்டை கீறுறதைப் பாத்தேன்டா. கத்தியிருக்கணும். தொண்டைவரைக்கும் வந்துச்சு... வெளிய வரல. என்னாலதான்டா உன் கை போச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் கண்ணு பெருசானதைப் பாத்தேன். ஏதோ ஆகப்போகுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கையை எடுத்திருக்கலாம்."

"பின்ன ஏன்டா எடுக்கல?"

வீத் அவரைக்காயைக் கீழே வைத்தான். "நீ கத்தப்போறேன்னு நினைச்சேன் மச்சான். இத்தனை வருஷம் கழிச்சு என்கிட்ட ஒரு வார்த்தை பேசப்போற. அதைக் கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு நின்னுட்டேன்."

புரோக்கோப் அப்படியே புல்தரையில் அமர்ந்து, முகத்தை இரு பெருங்கைகளுள் புதைத்து, குழந்தைபோல் தேம்பினான். வீட்டினுள்ளிருந்து வளர்ந்த பெண் ரொசாரா வந்து எட்டிப்பார்த்து, ஒரு கிண்ணத்தில் மோர் கொணர்ந்து அவனருகே வைத்துச் சென்றாள். அவள் கழுத்தில் அன்று ஆலை மருத்துவன் மூச்சுக்கு வழிசெய்ய அறுத்த தழும்பு வெண்ணிற நூலாய்த் தெரிந்தது. அவன் அதனைக் கண்டது அதுவே முதன்முறை.

"அன்னைக்கு வந்து கேட்டிருக்கணும்டா," என்றான் புரோக்கோப்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றான் வீத்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவர்கள் பேசினார்கள். நல்லவை பேசினார்கள், நகைத்தும் பேசினார்கள். ஆயினும் இருமலால் மெலிந்து வீத் கண்மூடும்வரை வாய்த்தவை சில கோடைகளே. வாய் திறவாது கழிந்தவையோ அவற்றின் பன்மடங்கு. பின்னாளில் அப்போலேனா, "இவ்வளவு பேச்சை எங்கங்க வச்சிருந்தீங்க?" என்று புரோக்கோப்பைக் கேட்டாள். சினம் நியாயமானதாகவே இருந்திருக்கலாம், நண்பரே. அதனை நாம் மறுக்கவேண்டா. ஆனால் நியாயத்தைக் காத்துக் காத்து அவன் இழந்தது ஒரு மனிதனின் மறுமொழிகளை. அவற்றை எந்த நீதியும் திருப்பித் தருவதில்லை.