இருநூறா, ஐந்நூறா?

தங்கத் தகட்டில் ரத்தப் புரதம் எவ்வளவு ஒட்டுகிறது? இந்த ஒரு கேள்விக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒளிக்கற்றையைப் பாய்ச்சி அளக்கும் நாத்தனார் சதுர சென்டிமீட்டருக்கு இருநூறு நானோகிராம் என்றாள். தங்கம் பூசிய, அதிரும் படிகத்தில் புரதத்தை ஒட்டவிட்டு எடை பார்க்கும் அண்ணி ஐந்நூறு என்றாள். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பஸ். அளவில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆய்வுக்கூடத் தலைவர் பொறுமை இழந்துவிட்டார். "சாயந்தரத்துக்குள்ள எது தப்புன்னு சொல்லுங்க. அந்த மெஷினை மூட்டை கட்டிடலாம்."

படிகம் போனால் அண்ணியின் வேலையும் போய்விடும். 'படிகத்தின் அளவை நம்புவதற்கில்லை' என்று நாத்தனார் முந்தின நாளே தலைவருக்குக் கடிதம் எழுதிப் பைக்குள் வைத்திருந்தாள். தன் ஒளிமேல் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனாலும் கடிதத்தை நீட்டக் கை வரவில்லை.

மதியம் கை கழுவியவள், ஈரத் துண்டைக் கொக்கியில் மாட்டப் போனாள். துண்டு கனத்தது. அப்படியே நின்றுவிட்டாள். படிகம் புரதத்தை மட்டுமா சுமக்கிறது? புரதம் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரையும் அல்லவா சேர்த்துச் சுமக்கிறது! ஒளிக்கோ சுற்றிலும் தண்ணீர்தான். உள்ளே சிக்கிய தண்ணீர் அதற்குத் தனியாகத் தெரியாது.

"அண்ணி, உங்க படிகத்தைக் காய வச்சு அளந்து பாக்கலாமா?"

"காய வச்சா அது அவ்வளவுதான். மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான்." அண்ணி அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி, எடுத்துக்கோ."

நல்ல தண்ணீரில் அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்தினார்கள். புரதம் ஒட்டுமுன் உலர்ந்த படிகம் காட்டிய அளவு அண்ணியின் நோட்டில் இருந்தது. கழித்துப் பார்த்தால் இருநூற்றெட்டு.

நாத்தனாருக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "மிச்சமெல்லாம் தண்ணி, அண்ணி. ரெண்டு மெஷினும் சரிதான். ரெண்டும் இருந்தாத்தான் எவ்வளவு தண்ணின்னே தெரியும். தலைவர்கிட்ட நானே சொல்றேன்."

அண்ணி படிகத்தை டப்பாவில் வைத்து மூடினாள். "அப்ப உன் பையில இருக்கிற கடிதத்தை என்ன பண்ணப் போறே?"

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பப் பாத்தீங்க?"

"நேத்தே. உன் டிபன் டப்பாவைக் கழுவ எடுக்கும்போது."

அதைப் படித்த பிறகும், கேட்டவுடன் கடைசிப் படிகத்தை அண்ணி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.