மலையை விட்டுப் போகாத விமானம்

உலகத்தில் மலை சுற்றுகிற விமானம் ஒன்று உண்டென்றால் அது விருசபதாசனின் விமானம்தான். நான்கு எஞ்சின், இரண்டு அடுக்கு, ஐந்நூறு பேர் உட்காரலாம். அத்தனையும் அவர் வீட்டு முன்னறையில், கம்ப்யூட்டர் திரைக்குள். பறக்கவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அது தானாக மூக்கை வலப்பக்கம் திருப்பி, அண்ணாமலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு தடவைகூட இடமாகப் போனதில்லை.

இந்தச் செய்தியை அவர் செங்கம் ரோட்டு டீக்கடையில் முதலில் சொன்னபோது ஒன்பது சுற்று. பஸ் ஸ்டாண்டை அடைவதற்குள் நூற்றெட்டாகிவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது நிஜம். விழுந்து புரண்டார் என்பது விருசபதாசன் சேர்த்தது.

இத்தனைக்கும் விருசபதாசன் சமணக் குடும்பம்; ஊர்க்காரர்கள் கூப்பிடுவது நைனார் என்று. மலை சுற்றும் வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. பஸ் டிப்போவில் முப்பத்துமூன்று வருஷம் டைம் கீப்பராக இருந்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ் விட்டவர் என்ற முறையில்தான் அந்த மலையோடு அவருக்குப் பழக்கம். திருவண்ணாமலையிலிருந்து பத்துக் கோடிப் பேரை நேரத்துக்கு ஊர் அனுப்பி வைத்ததாகச் சொல்வார். பத்துக் கோடிப் பேரையும் அனுப்பிய மனிதர், தான் மட்டும் சென்னையைத் தாண்டியதில்லை.

விமானம் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் மகள் வர்ஷா. அவள் மெல்போர்னுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விருசபதாசனின் பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்.

"உங்கம்மாவுக்குப் பயம்மா. நடுக்கடல்ல ஒரு எஞ்சின் நின்னுட்டா இன்னா பண்றதுனு தூங்கவே மாட்டேங்கறா. நான் கம்ப்யூட்டர்ல ஓட்டி, ஒரு எஞ்சின நிறுத்திட்டு மூணுல பறந்து காட்டறேன். பயம் தெளிஞ்சதும் டிக்கெட் போட்டுக்கலாம்."

வர்ஷா நம்பினாள். ஜாய்ஸ்டிக்கும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டில் பெட்டியும் வாங்கி அனுப்பினாள்.

பெட்டியில் இரண்டு பிடிகள்தான் இருந்தன. விமானத்துக்கோ நான்கு எஞ்சின். ஒரு பிடிக்கு இரண்டு எஞ்சின் என்று கட்டினால் பறக்கும். ஆனால் ஒன்றை மட்டும் தனியாக நிறுத்த முடியாது, அந்தப் பக்கத்து இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். காட்ட வேண்டியதோ ஒன்றை நிறுத்தி. விருசபதாசனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இதைச் சரி செய்ய நாள் பிடிக்குமே!

பிடித்தது. இடப்பிடியை முதல் எஞ்சினுக்கும் வலப்பிடியை இரண்டாவதற்கும் பிரித்துக் கொடுக்க ஒரு மாதம். ஜாய்ஸ்டிக்கின் அடியில் கிடந்த சின்னத் தள்ளுகட்டையை மூன்றாவதற்குக் கட்ட இரண்டு மாதம்; கீழே தள்ளினால் வேகம் ஏறியது, மேலே தள்ளினால் இறங்கியது, அதைத் தலைகீழாக்க ஒரு தீபாவளி கழிந்தது. எல்லாவற்றையும் டிப்போ நோட்டு மாதிரி கோடு போட்டு, தேதி வாரியாக எழுதி வைத்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று முளைத்தது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

நான்காவது எஞ்சினுக்குப் பிடி கொடுத்தவர் அப்துல் ரசாக். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்; நாற்பது வருஷச் சிநேகம். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வால்யூம் திருகைக் கழற்றி, ஒரு சின்ன சர்க்யூட்டோடு சோப்பு டப்பாவுக்குள் வைத்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு கல்யாண சீசனில் மூழ்கிப் போனவர், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், மத்தியானம் மூன்று மணிக்குத்தான் விமானத்தைப் பார்க்க வந்தார்.

"இன்னா நைனாரே, ஊரெல்லாம் உன் பிளேன் பேச்சுதான். நூத்தியெட்டு சுத்து சுத்துதாமே, பெட்ரோல் யார் போடறா?"

"வா பாய், நீயே பாரு. நாலையும் பாதிக்கு வெச்சிட்டு கைய எடுத்துட்டேன். மலைக்கு எப்படி அடங்குது பாரு."

ரசாக் ஒரு சுற்று பார்த்தார். இன்னொரு சுற்று பார்த்தார். பிறகு சோப்பு டப்பாவை இழுத்துத் தன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். முக்காலுக்கு மேல் போனதும் விமானம் சுற்றுவதை விட்டு நேராகப் போனது. மறுபடி பாதிக்கு இறக்கினார். மறுபடி வலம் வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று மடியில் விழுந்தது.

"யோவ், இது மலையோட மகிமை இல்ல. என் வால்யூமோட மகிமை! மத்த மூணும் பாதி தள்ளினா பாதி குடுக்கும். இது காதுக்குப் பண்ண திருகு. பாதி திருப்பினா பத்துல ஒரு பங்குதான் வரும், கடைசிலதான் குபீர்னு ஏறும். காதுக்கு அப்படி ஏத்தினாத்தான் சமமா கேக்கும். வலது கோடி எஞ்சின் சோம்பேறியா கெடக்கு, பிளேன் அந்தப் பக்கம் திரும்புது. மலைய எடுத்துட்டு அங்க ஒரு குப்பைமேட்ட வெச்சாலும் சுத்தும்."

விருசபதாசன் திருகைத் தானே ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"செட்டிங்ஸ்ல எவ்ளோ திருப்பினா எவ்ளோ வேகம்னு ஒரு கோடு இருக்குமே, அத வளைச்சு தூக்கி வெச்சா நேரா போவும். அஞ்சு நிமிஷ வேலை."

"இன்னிக்கு வாணாம் பாய்."

"ஏன்?"

"ஜெர்மன்காரரு அடுத்த வாரம் இன்னும் நாலு பேர கூட்டிட்டு வராரு."

ஐந்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் சரி செய்ய என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஓர் எஞ்சினை நிறுத்த வேண்டும், பறந்து காட்ட வேண்டும், டிக்கெட் போட வேண்டும். உள்ளங்கை ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். தை மாதத்தில் இப்படி வேர்க்கிறதே என்று நினைத்தார்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. வர்ஷா. சமையற்கட்டில் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஜெயமதி, கையெல்லாம் மாவாக வந்து, முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அம்மா, மார்ச்சுல லீவு வேணும்னா இன்னிக்கு ராத்திரிக்குள்ள நான் எழுதி அனுப்பணும். விட்டா அடுத்த வருஷம்தான். வரீங்களா இல்லையா? இன்னும் உனக்கு அந்தப் பயம் போகலையா?"

"எந்தப் பயம்?"

"எஞ்சின் நின்னுடும்னு தூங்கவே மாட்டேங்கறியாமே. அப்பா ரெண்டு வருஷமா சொல்றாரே."

திரையில் விமானம் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. ரசாக் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார்.

"ஏங்க," என்றாள் ஜெயமதி, "எஞ்சின் நின்னுடும்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"நீதான கேட்ட... மேல போனா இன்னா ஆவும், ஏது ஆவும்னு."

"மேல போனா சூரியன் எப்ப மறையும்னு கேட்டேன். கிழக்கால போறோம், இங்க விழற நேரத்துக்கு முன்னாடியே அங்க விழுந்துடுமே, அதுக்குள்ள சாப்பாட்ட முடிச்சிக்கணுமேனு கேட்டேன். நீங்க பதிலே சொல்லாம எழுந்து போய்ட்டீங்க. நானும் ரெண்டு வருஷமா கேட்டுக்கினே இருக்கேன்."

சூரியன் மறைந்தபின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து வந்த சமண வழக்கம். அவள் கேட்டது அவருக்கு அன்றே தெளிவாகக் காதில் விழுந்திருந்தது. ஆனால் கேள்வி கேட்டவள் அவள். பயந்தவளும் அவளாகவே இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்! பயத்தை அவள் கணக்கில் எழுதிவிட்டார். சொல்லிச் சொல்லி, அவருக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"அப்பா?" என்றாள் வர்ஷா.

நூற்றெட்டுக் கதை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் ஒன்றிரண்டு தயாராகவும் இருந்தன. வரவில்லை.

"எனக்குத்தாம்மா... கொஞ்சம்."

"கொஞ்சமா?" என்றாள் ஜெயமதி.

"ஜாஸ்தி."

ஆச்சரியம், யாரும் சிரிக்கவில்லை. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவர், முதல் தடவையாக உள்ள அளவைச் சொன்னார். இரண்டு வருஷம் பாதித் திருப்பில் கிடந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலிருந்த ஒன்று, தேதி கிட்டே வந்ததும் ரசாக்கின் திருகு மாதிரி குபீரென்று ஏறிவிட்டது.

"ஒன்னரை மணி நேரம் குடு," என்றார் மகளிடம். "நானே கூப்பிடறேன்."

கோட்டை அவரேதான் வளைத்தார். ரசாக் கை நீட்டியபோது தள்ளிவிட்டார். நான்காவது எஞ்சினுக்கான கோட்டில் நடுப்புள்ளியைப் பிடித்து மேலே இழுத்து, திருகைப் பாதியில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்தார். நான்கு அளவுமானிகளும் ஒரே உயரத்தில் நின்றன. பிறகு தேதியை மார்ச்சுக்கு மாற்றினார்; நேரம் மத்தியானம் மூன்று; திசை கிழக்கு. ஜெயமதி கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சோப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

விமானம் மலைக்கு மேல் இருந்தது. கையை எடுத்தார். திரும்பவில்லை. மலை ஜன்னலில் பின்னுக்குப் போய், சின்னதாகி, வெயிலில் ஒரு கறுப்புக் கல் மாதிரி கிடந்து, பிறகு இல்லை.

"போய்டுச்சே," என்றார் விருசபதாசன். யாரோ விசில் ஊதி அவரையே பஸ் ஏற்றிவிட்டதுபோல் இருந்தது.

கடல் வந்தது.

"இத நிறுத்தட்டுமா?" என்றாள் ஜெயமதி, திருகைப் பிடித்துக்கொண்டு.

"இரு, இரு. கொஞ்சம்..."

அவள் திருகிவிட்டாள். நான்காவது எஞ்சின் செத்தது. விமானம் மெல்ல வலப்பக்கம் திரும்பியது, விட்டு வந்த மலையைத் தேடுகிற மாதிரி. விருசபதாசன் ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் முறுக்கிப் பிடித்தார். பிளாஸ்டிக்கில் கை வழுக்கியது. மூக்கு தயங்கியது, நின்றது, கிழக்கைப் பார்த்தது. மூன்று எஞ்சினில் போய்க்கொண்டிருந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்," என்றார்.

அவள் எஞ்சினைத் திரும்ப ஏற்றினாள். "சரி, இப்ப சூரியனக் காட்டுங்க."

திரைக்குள் நேரத்தை நான்கு மடங்கு ஓடவிட்டார். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை வாலுக்குத் திருப்பியபோது, சூரியன் அவர்கள் விட்டு வந்த பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் விளிம்பைத் தொட்டபோது இந்திய நேரம் ஐந்து இருபத்தைந்து.

"அப்ப அஞ்சுக்குள்ள சாப்ட்டு முடிச்சிடணும்," என்றாள் ஜெயமதி. "புளிசாதம் போதும். உருண்டை மூணு மாசத்துக்குக் கெடாது, அதான் இப்பவே பிடிச்சு வெக்கறேன். போன வாரமே ஒரு டப்பா ரொப்பிட்டேன்."

"போன வாரமேவா? நான் வரேன்னே சொல்லலையே."

"நீங்க சொல்றதப் பாத்தா நடக்குமா?"

அவர் கைபேசியை எடுத்தார்.

"வர்ஷா, லீவு எழுதிடு. ரெண்டு டிக்கெட். ஜன்னல் உங்கம்மாவுக்கு."

"பயம் போய்டுச்சாப்பா?"

"இருக்கு. பரவால்ல, மூணு எஞ்சின்ல வரேன்."

ரசாக் தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார். "நைனாரே, அடுத்த வாரம் ஜெர்மன்காரரு ஆளக் கூட்டிட்டு வருவாரே. இன்னா சொல்லுவ?"

"பிளேன் வேண்டுதல முடிச்சிட்டு ஊருக்குக் கெளம்பிடுச்சுனு சொல்றேன்."

"மொத்தம் எத்தினி சுத்து?"

விருசபதாசன் ஒரு கணம் யோசித்தார். வெகு நேரத்துக்குப் பிறகு அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

"ஆயிரத்தெட்டு," என்றார்.