நாலு காலும் மேலே கிடந்த நாகு

கிருபன் வீரபாகுவுக்குக் கொடுக்க வேண்டியது அறுபத்தேழாயிரத்து நானூறு ரூபா. இரண்டு அறைக்குச் சுவர் வைத்த கூலி. சுவர் காய்ந்து, கூரை ஏறி, ஒரு மாரியும் போய்விட்டது. காசு மட்டும் வரவில்லை. கேட்கப் போனால் கிருபன் தேத்தண்ணி தந்து நட்சத்திரக் கதை சொல்லுவான். அந்தக் கூலிதான் கொழும்பிலிருந்து பெட்டியில் தொலைநோக்கியாக வந்து இறங்கியது என்பது உருத்திரபுரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் அன்று காலை, கடை வாசலில் நாலு பேர் பார்க்க ஒரு முடிவு வந்தது. காசுக்குப் பதிலாகக் கிருபனுடைய சிவப்பு நாகு. இன்னும் கன்று போடாத இளம் மாடு. "நாகு இல்லாமல் இஞ்சால வந்திடாதேங்கோ" என்று வீரபாகுவின் பெண்சாதி தங்கம்மா அவர் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்பினாள்.

பொழுதுபடுகிற நேரம். குளக்கட்டில் கிருபனும் பள்ளிக்கூடத்துப் பிரேமிளா ரீச்சரும் ஆளுக்கொரு தொலைநோக்கியை முக்காலில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்கோ அண்ணை. நாகு அங்கால கட்டில மேயுது, இப்ப தன்ரபாட்டில வரும். இருட்ட முன்னம் தூரத்துப் பொருள் ஒண்டில குழாயைச் சரிபாக்க வேணும். உங்கட நாகைத்தான் குழாய்க்குள்ள பிடிச்சு வைச்சிருக்கிறன். ஒருக்காப் பாருங்கோ."

வீரபாகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

நாகு மல்லாந்து கிடந்தது. நாலு காலும் மேலே. முதுகுக்குக் கீழே பளபளவென்று குளத்துத் தண்ணி. வால் மட்டும் ஒருக்கா அசைந்தது, காற்றாயிருக்கும். பாம்புதான் கடித்திருக்கும், பாவம்.

சொல்ல வாயெடுத்தவர் அப்படியே மூடினார். காலமை நாலு பேர் முன்னால் 'நாகு என்ர' என்று சொன்ன வாய் அல்லவா? இப்போது செத்துப்போச்சு என்றால், 'உங்கட மாடுதானே அண்ணை செத்தது' என்று கிருபன் கையை விரிப்பான். கிடங்கு வெட்டித் தாழ்க்கிற வேலையும் தன் தலையில்தான் விழும்.

"தெரியுதோ அண்ணை?"

"வடிவாத் தெரியுது. ஆனா தம்பி, எனக்கு மாடு வேண்டாம். பால் எனக்கு ஒத்துவராது."

பிரேமிளா திரும்பிப் பார்த்தாள். "நேற்று எங்கட வீட்டில மூண்டு கோப்பை பால் தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

"அதுக்குப் பிறகுதான் ரீச்சர் தெரிஞ்சது." கயிற்றைத் தோளில் போட்டார். "கடனுக்கு இந்தக் குழாயைத் தா."

கிருபன் குழாயைப் பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டான். "ஐயோ அண்ணை! அது சாதுவான நாகு. காலே எறியாது."

'இனி எங்கையடா எறியப்போகுது' என்று வீரபாகு மனதுக்குள் சொன்னார். வெளியே, "குழாய், இல்லாட்டி நாளைக்கே சுவரைக் கழட்டுவன்" என்றார்.

புதுச் சுவர் கண்ணுக்குள் நிற்க, கிருபன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓம் என்றான்.

இருட்டியது. உச்சியில் அரை நிலா. புது முதலாளிக்குக் காட்டத்தானே வேண்டும் என்று கிருபன் அழுவாரைப்போலக் குழாயைத் திருப்பி வைத்தான். வீரபாகு கனநேரம் பார்த்தார்.

"முழுக்கக் கிடங்கும் பள்ளமும். இதை ஆர் மேசன் பூசினது? மண்ணை அரிக்காமல் பூசியிருக்கிறான்."

அந்த நேரம் முதுகில் சூடாய் ஒரு மூச்சு. திரும்பினால் சிவப்பு நாகு, வாயில் அரைகுறைப் புல்லு.

"முருகா! செத்த மாடு!" என்று ரீச்சருக்குப் பின்னால் ஒளித்தார்.

எல்லாம் வெளியே வந்தது. பிரேமிளா சிரித்துச் சிரித்து முக்காலைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் குழாய் எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும் அண்ணை. நீங்கள் கண்ட தண்ணி, வானம். நிலவு தலைகீழா நிண்டால் ஆருக்குத் தெரியப்போகுது? மாடெண்டபடியால் பிடிபட்டுப்போச்சு."

கிருபனுக்கு உயிர் திரும்பியது. "அப்ப அண்ணை, நாகைக் கொண்டுபோங்கோவன். ஆனா உங்களுக்குப் பால் ஒத்துவராதே?"

"இப்ப ஒத்துவருது" என்றார் வீரபாகு. "நிலவைப் பாத்த உடன சுகமாப்போச்சு."

கயிற்றைக் கழுத்தில் மாட்டி, நாகைக் கட்டால் நடத்திக்கொண்டு போனார். பத்தடி போனதும் நின்றார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நாகுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் இரண்டு காலுக்கும் நடுவால் அதைப் பார்த்தார். ஓம். நாலு காலும் மேலே, வானம் கீழே. அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"என்னண்ணை துலைச்சனீங்கள்?" என்று கிருபன் அங்கிருந்து கத்தினான்.

"ஒண்டுமில்லைத் தம்பி" என்று குனிந்தபடியே சொன்னார் வீரபாகு. "கணக்குச் சரி."