மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள்

விடிவதற்குள் மாதிரிப் பள்ளியின் ஐந்து வகுப்புகளையும் கூட்டியாக வேண்டும். துப்புரவுக்காரி பெஞ்சுகளை இழுத்து இழுத்துப் போட்டாள். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறியது, இடுப்பு விட்டுப்போனது. இந்தப் பள்ளியை நடத்தும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இன்று, மாணவர்கள் இங்கே பாடம் நடத்திக் காட்டும் இறுதித் தேர்வு. கரும்பலகை பளிச்சென்று இருக்க வேண்டுமென்று மேலாளரின் உத்தரவு.

அதே மேலாளர்தான் நேற்று, இவளும் குடியிருக்கும் ஊழியர்களின் வரிசை வீடுகளுக்கு வந்து, ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிக் காகிதம் கொடுத்தார். நிறுவனத்துக்கு அறுபது வயதாம், வீடுகள் இருக்கும் இடத்தில் விழா மண்டபம் வரப்போகிறதாம். நிறுவனத்தின் வரலாறு தடித்த புத்தகமாகவும் வந்துவிட்டது. அறுபது வருடமாக இங்கே படித்த வாத்தியார்கள் அத்தனை பேரும் பாடம் நடத்திப் பழகியது அந்த வரிசை வீட்டுப் பிள்ளைகளிடம்தான். அது மட்டும் புத்தகத்தில் இல்லை. மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடத்தை இவளே சிறுவயதில் பதினோரு பேரிடம் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டாவது ஆள் திக்கித் திணறியபோது இவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு ஐந்து வகுப்பும் காலியாகக் கிடந்தன. வரிசை வீட்டுக்காரர்கள் யாரும் பிள்ளைகளை அனுப்பாமல் வாசலில் கூடி உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் அங்கே ஓடிவந்தார். அவர் கூட்டிவந்த பயிற்சி மாணவி ஒருத்தி வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க எங்க?"

"வீட்டுல இருக்காங்க," என்றாள் துப்புரவுக்காரி.

"தேர்வு எடுக்க வந்தவங்க உட்கார்ந்திருக்காங்க. என் மானத்தை வாங்காதீங்க."

"அடுத்த வாரம் எங்களுக்கு வீடே இல்ல. அப்போ யாரை வச்சு சார் நடத்துவீங்க?" என்றார் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பள்ளிக் காவலாளி.

"இப்பவே வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"எல்லாரையும் சேர்த்துத் தூக்குங்க," என்றாள் துப்புரவுக்காரி.

அப்போதுதான் வந்து சேர்ந்த மாணவியை மேலாளர் முன்னால் தள்ளினார். "நீயே கேளும்மா."

"அக்கா, இதுல தோத்தா எனக்கு வேலை கிடையாது," என்றாள் அவள். "எங்க வீட்டுல என்னைத்தான் நம்பியிருக்காங்க."

மேலாளரை எதிர்த்துப் பேசிவிடலாம், இந்த முகத்தைப் பார்க்கத்தான் துப்புரவுக்காரியால் முடியவில்லை. "உன்மேல கோபம் இல்லம்மா. காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எங்க போவோம்?"

"காலி பண்ணவா? பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னுல்ல சார் சொன்னாரு."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாணவி வந்த வழியே திரும்பிப் போனாள்.

கால் மணி நேரத்தில் நிறுவனத்தின் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. சுருட்டிய பாடப் படங்களோடு பயிற்சி மாணவர்கள் கூட்டமாக இறங்கி, வகுப்புகளைத் தாண்டி நேரே வரிசை வீட்டு வாசலுக்கு வந்து இவர்களோடு உட்காரத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவள் அந்த மாணவிதான்.

"உனக்குத் தேர்வு போயிடுமே கண்ணு," என்றாள் துப்புரவுக்காரி.

"போயிடும்தான்." அந்தப் பெண் பாடப் படத்தைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா. இன்னும் ஆள் வருது."