ஏழு குச்சிகள்

ஏழு இயந்திரங்களிலிருந்தும் குச்சிகளைப் பிடுங்கி என் மேஜை டிராயரில் போட்டபோது காலை மணி ஒன்பது. ஒவ்வொரு இயந்திரத்திலும் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கிப் பூட்டுத் தகட்டை வெட்டும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒரு பொத்தானில் ஐஸ் குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம். அது தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கும். வேலை பறக்கும். இந்த வித்தையை இங்கே ஆரம்பித்தது யார் என்று கேட்டால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். மானேஜராவதற்கு முன் ஒன்பது வருடம் மூன்றாவது இயந்திரத்தில் உட்கார்ந்தவன். பத்து விரலும் பத்திரமாக இருந்ததால் அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். போன வாரம் அடுத்த ஷெட்டில் ஒருவனுக்கு இரண்டு விரல் போன பிறகுதான், வெறும் அதிர்ஷ்டம் என்று உறைத்தது.

மத்தியானத்துக்குள் உற்பத்தி பாதியாகிவிட்டது. முதலாளி போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வெள்ளிக்கிழமை லோடு போகலேன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிடும். அப்புறம் அந்த செக்‌ஷன வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க."

"குச்சி இல்லாம முடியாது சார்."

"குச்சியா? என்ன குச்சி?"

அவருக்குத் தெரியும். தெரியாதவராகவே இருக்க ஆசைப்பட்டார். எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

போனை வைத்ததும் அக்கா உள்ளே வந்தாள். நான் இயந்திரம் ஓட்டிய காலத்தில் எனக்குப் பக்கத்து இயந்திரம் அவளுடையது. மற்றவர்களுக்கு நான் சார், அவளுக்கு இன்னும் தம்பி.

"குச்சியக் குடு தம்பி."

"விரல் போயிடும்க்கா."

"செக்‌ஷனே போயிட்டா? எம்பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. நீ ஓட்டுனப்ப எவன் வந்து தடுத்தான்?"

மறுத்தால் ஏழு பேருக்கு வேலை போகும். வேலையை விட்டுவிட்டு நான் போனால், அடுத்து வருகிறவன் சாப்பாட்டு மணிக்கு முன்பே குச்சியை எடுத்துக் கொடுப்பான். கம்பெனி நடத்திய பாதுகாப்பு வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் எழுதியவன் நான். அதில் இந்தக் கேள்வி வரவில்லை. டிராயரைத் திறந்தேன். கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், திறந்தேன், அவ்வளவுதான். ஏழையும் அவளே எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

அறையில் இருப்புக்கொள்ளவில்லை. போய் அவள் இயந்திரத்தின் பக்கத்தில், சிவப்பு நிறுத்தும் பொத்தானின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு இறங்குகிற வேகத்துக்கு என் விரல் அசையக்கூட நேரமிருக்காது. எனக்குத் தெரியாததா? வெட்கமாக இருந்தது. இருந்தும் நின்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "தம்பி, நீ இப்படி நின்னா எனக்குக் கை நடுங்குது. தூரப் போ."

தூண் வரைக்கும் நகர்ந்தேன். இரும்பு இறங்கிற்று. அவள் கை வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று.