படகுக்காரி வரவில்லை

தராசு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவள் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஆசிரியர். வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, எடைபோட்டு, மதிப்பெண் கொடுப்பது அவள் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று யாரும் குறை சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட தராசு, விமர்சனம் வெளியான அன்று காலை, அலுவலகக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கைபேசியையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். 'கருநதி' என்று ஒரு விளையாட்டு. ஜப்பான்காரர்கள் பாகம் பாகமாக இழுத்துக்கொண்டே வந்த பெருங்கதை. முதல் பாகத்தைப் பள்ளிக்கூடப் பையோடு ஆடியவர்களுக்கு இப்போது முன்மண்டை பளபளக்கிறது. எல்லாப் பாகத்திலும் ஒரு படகுக்காரி உண்டு. நாயகனை அக்கரை சேர்ப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள், திரும்பிப் போய்விடுவாள். இப்போது கடைசிப் பாகம் வந்திருக்கிறது. உலகத்து விமர்சகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் எழுதி வெளியிட வேண்டும் என்று கம்பெனியின் கட்டளை. வெளியிட்டார்கள். சொல்லி வைத்தாற்போல எல்லோரும் ஒரே காட்சியைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்: கடைசி இருட்டில் படகுக்காரி வந்து நாயகனுக்குக் கை நீட்டுகிறாள். கல்நெஞ்சுக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள்கூட ஓவென்று அழுததாக எழுதியிருந்தார்கள்.

தராசு எழுதியது வேறு. படகு பாதி ஆற்றில் நின்றுவிடுகிறது, படகுக்காரி முதன்முறையாக வாய் திறந்து, 'வர வேண்டாம் என்று நீதானே சொன்னாய்' என்கிறாள், திரும்பிப் போகிறாள், நாயகன் கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் முடிவு. இப்படி முடிக்க ஒரு நெஞ்சுரம் வேண்டும் என்று பாராட்டி ஒன்பது மதிப்பெண்ணும் போட்டிருந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆடாமலே எழுதியிருக்கிறாள் என்றார்கள். தூங்கிவழிந்து கனவு கண்டிருப்பாள் என்றார்கள். வசவெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான், அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். ஆனால் ஒருவன், யாரோ முகம் தெரியாத ஒருவன், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தான்: 'பைத்தியமா?' அதைப் படித்ததும்தான் கழிப்பறைக்கு ஓடிவந்தாள்.

ஏனென்றால் அந்த வசனம் அவளுக்கு முன்பே தெரியும். அது அம்மாவின் வசனம்.

இரண்டாம் பாகம் வீட்டுக்கு வந்த காலத்தில் அப்பாவும் அக்காவும் இவளும் முறை வைத்து ஆடுவார்கள். மூவரும் வெளியே போன பிறகு அம்மா ஆடுவாள். ஒருநாள் சாப்பிடும்போது, அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "அந்தப் படகுக்காரி என்கிட்ட பேசினா. கடைசில வரட்டுமான்னு கேட்டா. வர வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். பாவம், காலம் பூரா இவங்கள ஏத்தி இறக்கியே ஓய்ஞ்சு போயிட்டா."

முதலில் சிரித்தார்கள். படகுக்காரி ஊமை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அம்மா விடவில்லை. பேசினாள், என் கண்ணால் பார்த்தேன் என்றாள். அப்பா ஆடிக் காட்டினார், அக்கா ஆடிக் காட்டினாள், படகுக்காரி வாய் திறக்கவில்லை. அம்மா அழுதாள், தட்டை வீசினாள், தூங்காமல் கிடந்தாள். அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து அம்மா திரும்பி வந்தபோது கை நடுங்கியது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த நோய்க்கு வீட்டில் படகுக்காரி என்றே பெயராகிவிட்டது. அம்மா கொஞ்சம் முகம் வாடினாலும் சொந்தக்காரர்கள் காதோடு காதாகக் கேட்பார்கள், மறுபடியும் படகுக்காரியா என்று.

இதெல்லாம் ரத்தத்தில் வரலாம், பிள்ளைகள்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதைக் கதவிடுக்கில் நின்று கேட்டவள் தராசு. அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த வயசு, இவளுக்கு இன்றைக்கு.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்ததும் ஆசிரியர் கூப்பிட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அலுவலகத்து விளையாட்டுப் பெட்டியில் கடைசிக் காட்சியை அவளையே ஆடச் சொன்னார். ஆடினாள். இருட்டு, ஆறு, படகு. படகு நிற்கவில்லை. நேராகக் கரைக்கு வந்து, படகுக்காரி சிரித்த முகமாகக் கை நீட்டினாள். பின்னால் நின்றிருந்தவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமல், வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கச் சொன்னார்.

தெருவில் நடந்துகொண்டிருந்தாள். அக்கா போன் செய்தாள். அம்மா அவளோடுதான் இருக்கிறாள். இணையத்தில் படித்தேன் என்றாள் அக்கா, குரலைப் பஞ்சாக்கிக்கொண்டு. பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டாள்.

"மறுபடியும் படகுக்காரியாடி?"

தராசு போனைத் துண்டித்தாள். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அப்படித் தோன்றுவதும் ஓர் அறிகுறிதானோ என்ற நினைப்பு வந்ததும், தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தாள்.

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன். அன்று அவனுக்கு விடுமுறை. பெண்டாட்டி எழுதியதை ஒருநாளும் படிக்காதவன். அதற்காக வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை, அன்றைக்குத்தான் அது உதவிக்கு வந்தது. ஒரு காட்சியைப் பார்த்துச் சொல்லேன் என்று கேட்டுவிட்டு, அவள் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினான்.

"இரு. என்ன தெரியும்னு முன்னாடியே சொல்லிட்டா அந்த டெஸ்ட் செல்லாது. நீ பேசாம உக்காரு. எனக்குத் தெரியறத நான் சொல்றேன்."

வீட்டுப் பெட்டியில் அவளுடைய ஆட்டத்தைப் போட்டாள். திரையைப் பார்க்கத் துணிவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது நிஜமாகவே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இருட்டா இருக்கு. ஆறு. படகு வருது..." அவன் நிறுத்தினான். அந்த இடைவெளியில் அவள் செத்துப் பிழைத்தாள். "நின்னுடுச்சு. நடு ஆத்துல நிக்குது. என்னமோ சொல்றா. வர வேண்டாம் என்று நீதானே சொன்னாய், அப்படின்னு போட்டிருக்கு. திரும்பிப் போறாளே! பாவம், இவன் தனியா உக்காந்திருக்கான்."

தராசு தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்பு அழுகையாகி, அழுகை விக்கலாயிற்று. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். முழுக்கதையும் கேட்டபின் ஒரு தொழில்காரன் கேள்வி கேட்டான்: ஒரே எழுத்து இரண்டு கண்சோதனைப் பலகையில் இரண்டு விதமாக இருந்தால் கண்ணில் கோளாறில்லை, பலகையில்தான். இரண்டு பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசிப் பாகம் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டது: பழைய பயணங்கள் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துக்கொள்ளட்டுமா? யோசிக்காமல் சரி என்று அழுத்தியிருந்தாள். அலுவலகப் பெட்டி புத்தம் புதுசு, அதில் பழசு ஏது? இவள் பெட்டியிலோ முதல் பாகத்திலிருந்து எல்லாம் இருந்தது. பெட்டி மாறும்போதெல்லாம் தாய்வீட்டுச் சீதனம்போலப் பத்திரமாக மாற்றி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். அதில் அம்மா ஆடிய ஆட்டமும் உண்டு.

சிரிப்பு நின்றுபோனது. வர வேண்டாம் என்று இவள் யாரிடமும் சொல்லவில்லையே.

இரண்டாம் பாகத்தைப் புதிதாகத் தொடங்கினாள். ஆற்றங்கரை. ஊமைப் படகுக்காரி. இவள் ஏறியதும் துடுப்புப் போடுவாள், அவ்வளவுதான். ஆயிரம் தடவை பார்த்தது. அம்மா மட்டும் என்ன வேறாகச் செய்திருப்பாள்? அம்மா எதையுமே ஒரேமூச்சில் செய்ய முடிந்ததில்லை. அடுப்பில் பால் பொங்கும், ஊறவைத்த துணி கூப்பிடும், வாசலில் யாராவது நிற்பார்கள். ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவாள். மற்ற மூவரும் முறை கிடைத்தால் ஒரு நொடிகூட வீணாக்காத ஆசைக்காரர்கள்.

தராசு விளையாட்டுக் கைப்பிடியைத் தரையில் வைத்தாள். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். பேசக் கூடாது, பேசிவிடக் கூடாது என்று அவள் மனசு வேண்டிக்கொண்டது. பேசாவிட்டால் அம்மாவுக்கு வந்தது நோய்தான். எல்லோரும் செய்தது சரிதான்.

"இங்க கொஞ்சம் வா," என்று கூடத்திலிருந்து கூப்பிட்டான் புருஷன். "இது உன்ன என்னமோ கேக்குது."

ஈரக்கையோடு வந்து நின்றாள். படகுக்காரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இவளைப் பார்த்திருந்தாள். 'நீயாவது அவசரப்படாமல் இருக்கிறாய். கடைசி நாளில் நான் வரட்டுமா?' கீழே இரண்டு பதில்கள் இருந்தன. வா. வர வேண்டாம்.

அக்காவுக்குப் போன் போட்டாள். எதையும் விளக்காமல் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மாவின் மூச்சு கேட்டதும், படகுக்காரி அன்றைக்கு என்ன கேட்டாள் என்று விசாரித்தாள்.

"இல்லம்மா," என்றாள் அம்மா, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல. "யாரும் என்கிட்ட பேசல. எனக்கு எதுவும் கேக்கல. மாத்திரையெல்லாம் சரியாப் போட்டுக்கறேன். டாக்டர் பக்கத்துல இருக்காரா?"

"யாரும் இல்லம்மா. நான் பாத்தேன். என்கிட்டயும் கேட்டா. நீ சொன்னது அத்தனையும் நெசம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. இத்தனை வருஷமாகக் கேட்காத, தெளிவான, பயந்த குரல்.

"பாத்தேன்னு வெளிய சொல்லிடாத கண்ணு. யார் கேட்டாலும் இல்லன்னே சொல்லு. உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க."